கிராம்பு டீ கொடுத்த ஏழு பேர்

சேர்வராயன் மலைக்காரர்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்பதைப் பற்றி இதுவரை ஏழு பெரிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஏழும் தலையணை கனம். எழுதிய ஏழு பேரும் இன்று முனைவர்கள்; அதில் இரண்டு பேர் பேராசிரியர்கள். ஏழு ஆய்விலும் மலைக்காரர் ஒருவர் வந்து நாலு வாக்கியம் பேசுவார். அந்த நாலு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஆய்வாளர் ஒரு அத்தியாயம் முழுக்க ஆடித் தீர்ப்பார்.

முதல் ஆய்வில் பேசுகிறவர் மரியஅந்தோணி, வயது நாற்பத்தெட்டு, காபி விவசாயி. மூன்றாவதில் பேசுகிறவருக்குப் பெயரே இல்லை, வெறும் கிளியூர்ப் பெரியவர். நான்காவதில் வெங்கடேஷ், எஸ்டேட் தொழிலாளியின் மகன். எல்லாம் மாற்றுப் பெயர்கள். தகவல் சொன்னவருக்குத் தொல்லை வரக்கூடாது என்று பெயர், வயது, சாதி, மதம் எல்லாவற்றையும் மாற்றி எழுதுவது ஆராய்ச்சிக்காரர்களின் தர்மம். அவர்கள் தவறாமல் கடைப்பிடிக்கிற தர்மம் அது ஒன்றுதான்.

ஏழு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். மலையில் ஓட்டு, எஸ்டேட் ரைட்டர் கைகாட்டுகிற சின்னத்துக்குத்தான் விழும் என்றார்கள். ரைட்டர் என்றால் தோட்டத்தில் ஆள்பேர் எழுதி வேலை பிரித்துக் கொடுக்கிறவர். "ஓட்டு எங்களுதுங்க, விரல் மட்டும் ரைட்டரோடது" என்று மரியஅந்தோணி சொன்ன ஒற்றை வரியில் முதல் ஆய்வை எழுதிய பேராசிரியர் பிரபாகர் தூக்கிவிடப்பட்டார். 'இரவல் விரல்' என்று அதற்கே ஒரு கோட்பாடு கட்டினார். அதே பெயரில் புத்தகம் போட்டார். டெல்லி போனார், லண்டன் போனார், போன இடத்திலெல்லாம் தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்கினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

அந்தப் பிரபாகரிடம்தான் ரிஸ்வானா அரசியல் சமூகவியலில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். ஏற்காட்டுப் பெண். சேர்ந்து ஐந்தரை வருடம் ஆகிறது. இந்த ஐந்தரை வருடத்தில் அவர் அவளை 'மலையிலிருந்து வந்த பொண்ணு' என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். அவள் அப்பா என்ன செய்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ரிஸ்வானா பைத்தியக்காரி. பழைய ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெள்ளக்கடை, கிளியூர், செம்மநத்தம் மூன்று ஊரிலும் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் போய் உட்கார்ந்தாள். புருஷனிடம் தனியாகக் கேட்டாள், பெண்டாட்டியிடம் தனியாகக் கேட்டாள். ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போனாள். கிடைத்தது என்னவென்றால், எந்த வீட்டிலும் எந்த ரைட்டரும் யாருடைய விரலையும் பிடிக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ரோடு போட்டவனுக்குப் போட்டவர்கள் இருந்தார்கள், ரோடு போடுகிறேன் என்று ஏமாற்றியவனைத் தோற்கடிக்கப் போட்டவர்கள் இருந்தார்கள். புருஷன் எந்தச் சின்னத்துக்குச் சொன்னாரோ அதைத் தவிர்த்து மற்றதற்குப் போட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பெண்கள் பதினேழு பேர். செம்மநத்தத்தில் ஒரு அம்மா இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரைட்டருங்களா? அவரு செத்து எட்டு வருசம் ஆச்சுங்களே. அவரு வந்து யாரு விரலைப் புடிப்பாரு?" என்று கேட்டார்.

இதை அப்படியே ஐந்தாவது அத்தியாயமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிரபாகர் நாலு பக்கம் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏழு ஸ்டடி ஒண்ணு சொல்லுது. நீ ஒருத்தி வேற சொல்றே. அந்த ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூட இல்லம்மா. வேற வேற ஊர், வேற வேற தொழில், வேற வேற மதம். இருந்தும் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா அது எவ்வளவு பலமான ஆதாரம்?"

"சார், செம்மநத்தத்துல ரைட்டர் செத்து எட்டு வருசம் ஆச்சுங்க சார்."

"ஆள் செத்திருக்கலாம். அமைப்பு சாகாது."

ரிஸ்வானா செம்மநத்தத்து அட்டவணை இருந்த பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் நகர்த்தினாள்.

"உன்கிட்ட ஜனங்க மறைக்கிறாங்க" என்றார் பிரபாகர் கருணையோடு. "பயம். நீ அந்த மலைக்காரி. களம் உனக்கு ரொம்பப் பக்கம். பக்கத்துல நிக்கிறவங்களுக்கு எதுவும் தெரியாது. அஞ்சாவது அத்தியாயத்தை 'இரவல் விரல்' கோட்பாட்டோட பொருத்தி மாத்தி எழுதிக் கொண்டா. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட முடியாது."

வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் வாங்காது. அவளுடைய பதிவுக் காலம் அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி கிடையாது. முப்பத்தொன்றைத் தாண்டினால் ஐந்தரை வருடமும் இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் காற்றோடு போச்சு. அல்லது செத்த ரைட்டரை எழுப்பி உட்காரவைத்து அவர் விரலுக்கு உயிர் கொடுக்க வேண்டும். இதில் ஒன்றை அவள் பதினெட்டு நாளுக்குள் முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

மலை ஏறி வீட்டுக்கு வந்தவள், அந்த ஏழு பேர் அப்படி என்னதான் சொல்லியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று ஏழு ஆய்வையும் முன்னால் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் கீழே கடை, மேலே வீடு. அவள் அத்தா சையத் இப்ராஹிம் அந்தக் கடையில் மிளகு, ஏலக்காய், காபித்தூள் விற்கிறார். அம்மா ஜமீலா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நான்காவது ஆய்வில் இப்படி ஒரு வரி இருந்தது: 'தன் வறுமையிலும் வெங்கடேஷ் எங்களுக்குக் கிராம்பு மணக்கும் தேநீர் தந்தார்.'

ரிஸ்வானா கையிலிருந்த டம்ளரை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள்.

மூன்றாவது ஆய்வை எடுத்தாள். அதை எழுதிய மேனகா இன்று வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ரிஸ்வானாவின் ஆய்வுக் குழுவிலும் இருக்கிறார். கிளியூர்ப் பெரியவர் கொடுத்த டீயைப் பற்றி மட்டும் மேனகா ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். 'கிராம்புத் தேநீர் சேர்வராயன் மலையின் விருந்தோம்பல் சின்னம். காலனிய வாசனைப் பொருள் வணிகத்தின் நினைவு அதில் உறைந்திருக்கிறது. அதைப் பருகுகிறவர் ஒரு அதிகாரப் படிநிலைக்குள் நுழைகிறார்.'

மரியஅந்தோணி கிராம்பு டீ கொடுத்திருந்தார். ஆறாவது ஆய்வின் ஓய்வுபெற்ற லாரி டிரைவரும் கிராம்பு டீ கொடுத்திருந்தார். ஏழு பேரும் கொடுத்திருந்தார்கள். ரிஸ்வானா இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் குடித்திருக்கிறாள்: வரக்காப்பி, இஞ்சி டீ, வெறும் டீ, ஒரு வீட்டில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பு விழுந்த டீ. கிராம்பு டீ எங்கேயும் குடித்ததில்லை. மலையில் அதைப் போடுகிற வீடு ஒன்றுதான். அதுவும் விருந்தோம்பலுக்காக இல்லை. அத்தாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. பிடுங்கப் பயந்துகொண்டு இருபத்தைந்து வருடமாகக் கிராம்பை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு படியாகத் தாவிக் கீழே இறங்கினாள். கடையில் கூட்டம் இல்லை. ஏலக்காய் டப்பாக்களுக்கு மேல் தட்டில் புத்தகங்கள் வரிசையாக நின்றன. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியவை. வந்துபோனவர்கள் கையெழுத்துப் போட்டு அன்பளிப்பாகக் கொடுத்தவை. அத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தினமும் தூசி தட்டுவார்.

"அத்தா, மரியஅந்தோணி யாரு?"

"எந்த மரியஅந்தோணி? கரண்டாபீஸ்காரரா?"

"பிரபாகர் சார் புத்தகத்துல வர்றவரு."

அத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நாந்தான் கண்ணு! பேரை மாத்திட்டாரு. எனக்குப் பாதுகாப்பாம்."

"கிளியூர்ப் பெரியவர்?"

"அதும் நாந்தான். அந்த மேடத்துக்குக் கிளியூர்க்காரரு ஒருத்தரு வேணும்னாங்க. நமக்குத்தான் அங்க மூணு சில்வர் ஓக் மரம் நிக்குதே."

"வெங்கடேஷ்?"

"எங்கத்தா எஸ்டேட்டுல மொளகு பறிச்சவரு. தொழிலாளி மவன் வேணும்னு அந்தத் தம்பி கேட்டுச்சு. நான் தொழிலாளி மவன் இல்லையா?"

லாரி டிரைவர் எப்படி என்று கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. "ரைட்டர் யாரு விரலையாச்சும் புடிச்சு ஓட்டுப் போட வச்சத நீங்க பாத்திருக்கீங்களா அத்தா?"

"நான் எங்க பாத்தேன்? கடைய உட்டுப்போட்டு நான் எங்க போறேன்?"

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"கேட்டாங்களே." இவ்வளவு படித்த பெண்ணுக்கு இது புரியவில்லையே என்று அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூணு நாளு இருக்கலாம்னு வந்தாரு பிரபாகர் சாரு. ரெண்டு நாளு விடாம மழை. நொம்ப நனைஞ்சுபோயி இங்க வந்து நின்னாரு. கால் கிலோ மொளகு வாங்குனாரு. ஏனுங்க பாய், இங்கெல்லாம் ரைட்டர் சொல்றபடிதான் ஓட்டாமேன்னு கேட்டாரு. எவ்வளவு ஆசையாக் கேக்கறாரு! தெரியாதுன்னு சொல்லி அனுப்பறதா? கடைக்கு வந்தவங்கள, சரக்கு இல்லீங்கன்னு சொல்லி நான் அனுப்புனதே இல்ல கண்ணு."

மற்ற ஆறு பேரும் பிரபாகரின் புத்தகத்தைப் படித்துவிட்டு, ஏற்காட்டில் யாரைப் பார்க்கலாம் என்று விசாரித்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, 'ஆராய்ச்சி பாய் கடை எது?' என்று கேட்டு நேரே இங்கே வந்தவர்கள். எல்லோரும் ஆசையாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டி, மலை முழுக்க ஒரே குரலில் பேசுகிறது என்று மூக்கின்மேல் விரல் வைத்துக்கொண்டார்கள். மலை ஒன்றும் பேசவில்லை. பல்வலிக்காரர் ஒருவர் பேசினார், அவ்வளவுதான்.

"அத்தா, நான் அஞ்சரை வருசம் ஊடு ஊடாப் போயிக் கேட்டதை, நீங்க ஒரு டீ குடிக்கிற நேரத்துல அடிச்சுப்போட்டீங்க" என்று ரிஸ்வானா எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்து, முப்பத்தொன்றாம் தேதி, ஐந்தாவது அத்தியாயம் எல்லாம். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

அத்தா தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். "அப்ப உங்கத்தா பொய்யனாட்ட உனக்குத் தெரியுதா?"

"ஆமாங்க அத்தா" என்றாள் ரிஸ்வானா. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டாள்.

அதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் வீட்டில் ஜமீலாதான் இருவருக்கும் நடுவில் தபால் சுமந்தாள். "போயி அந்த வாத்தியாருகிட்டச் சொல்லித் தொலை" என்று மகளிடம் சீறினாள். "உங்கத்தா அள்ளி உட்டதுக்கு உம்பட படிப்பு போவணுமா?"

போய்ச் சொல்ல ரிஸ்வானாவால் முடியவில்லை. கடைத்தெருவில் அவருக்கு இருக்கிற மரியாதை அந்தப் புத்தக வரிசையால் வந்தது. பள்ளிவாசலில் ஏதாவது வழக்கு என்றால் 'லண்டன் வரைக்கும் அவரு பேச்சு போயிருக்குது' என்று அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாளைக்கு அதே ஆட்கள், கதை விட்டே காலம் தள்ளியவர் என்று சிரிப்பார்கள். பெற்ற மகளே அதைத் தொடங்கிவைத்தாள் என்று ஆகும். முப்பத்தொன்றாம் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போதும் அவள் ஐந்தாவது அத்தியாயத்தை மாற்றவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பிரபாகரே மலை ஏறி வந்தார். 'இரவல் விரல்' வெளிவந்து இருபது ஆண்டு நிறைவுக்கு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் கருத்தரங்கு. அடித்தட்டு மக்களின் அரசியலைப் பற்றிப் பேச, ஏசி வைத்த மண்டபம். ஏற்காட்டுக் குளிரில் ஏசி. மேனகாவும் வந்திருந்தார். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரபாகர் ரிஸ்வானாவைக் கூப்பிட்டார்.

"உன் சந்தேகத்தை இன்னிக்கு ஒரேயடியாத் தீர்த்து வைக்கிறேன். மரியஅந்தோணி இன்னும் இருக்கார். உன்னை அவர்கிட்டயே கூட்டிட்டுப் போறேன். உன் காதாலயே கேளு. மேனகா, நீங்களும் வாங்க."

மூவரும் நடந்தார்கள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புவார் என்று ரிஸ்வானாவுக்குத் தெரியும். திரும்பினார். அவள் பிறந்து வளர்ந்த வாசலில், அவளுக்கே வழிகாட்டிக்கொண்டு, "படி வழுக்கும், பார்த்து வாம்மா" என்றார்.

கல்லாவில் இருந்த அத்தா முதலில் பேராசிரியரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"பாய், ஞாபகம் இருக்கா?"

"வாங்க சார், வாங்க. உக்காருங்க." அத்தா மேலே திரும்பிக் குரல் கொடுத்தார். "நாலு டீ!"

மேனகா வாசல்படியிலேயே நின்றுவிட்டார். கடையின் உள்ளே கண்ணை ஓட்டினார். தராசு, ஏலக்காய் டப்பா, மேல் தட்டு. முகத்தில் ஏதோ மாறியது. ரிஸ்வானா அதைக் கவனித்தாள்.

பிரபாகர் எதையும் கவனிக்கவில்லை. கவனிப்பது அவர் பழக்கம் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். "பாய், இந்தப் பொண்ணு இந்த மலையில ஆராய்ச்சி பண்ணுது. ஆனா மலையைப் பத்தி ஒண்ணும் புரியலை. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்."

அத்தா அந்தக் கருவியைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தச் சிவப்பு விளக்கின் மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று ரிஸ்வானாவுக்குத் தெரியும்.

ஜமீலா டீயோடு வந்தாள். மகளையும் வாத்தியாரையும் ஒரு பார்வை பார்த்தாள், தட்டை 'டங்' என்று வைத்தாள், போகாமல் சுவரோரம் நின்றுகொண்டாள். கிராம்பு வாசனை கடை முழுக்கப் பரவியது. மேனகா டம்ளரைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"சொல்லுங்க பாய்," பிரபாகர் முன்னால் சாய்ந்தார். "இன்னிக்கும் ரைட்டர் சொல்றபடிதானே மலையில ஓட்டு விழுது?"

அத்தா தொண்டையைக் கனைத்தார். புதுசாக ஒன்றைத் தட்டி எடுப்பதற்கு முன்னால் அவர் கனைக்கிற கனைப்பு அது. ஒரே ஒரு வரி போதும். நாளை மறுநாள் அவள் செத்த ரைட்டரைத் தோண்டி எடுக்க வேண்டியதுதான்.

"தெரியாதுங்க" என்றார் அத்தா.

பிரபாகர் சிரித்தார். "என்ன பாய்! உங்களுக்கா தெரியாது? ஓட்டு எங்களுது, விரல் மட்டும்..." என்று எடுத்துக்கொடுத்துவிட்டு, பாடல் மறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் காத்திருந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க சார். அன்னிக்கும் தெரியாது. நான் கடைய உட்டு எங்கயும் போறதில்லீங்க. நீங்க ஆசையாக் கேட்டீங்க, சொன்னேன்."

சுவரோரம் நின்ற ஜமீலா புருஷனை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பிரபாகர் கருவியை நிறுத்தவில்லை. அவர் முகத்தில் அதிர்ச்சியும் இல்லை. மெதுவாக ரிஸ்வானா பக்கம் திரும்பினார். கண்ணில் ஒரு வெற்றி பளபளத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பார்த்தியா? பயம்! இருபது வருஷத்துக்கு முன்னாடி தைரியமாப் பேசினவர், இன்னிக்கு வாயைத் திறக்கல. அமைப்பு எவ்வளவு இறுகியிருக்குன்னு பாரு. நான் நினைச்சதைவிட மோசம்."

ரிஸ்வானாவுக்கு அந்தக் கணத்தில் அவர்மேல் இருந்த கடைசித் துளி மரியாதையும் வடிந்துபோனது. இவருக்கு ஆமாம் என்றாலும் ஆதாரம், இல்லை என்றாலும் ஆதாரம், தெரியாது என்றால் அதைவிடப் பெரிய ஆதாரம். இந்த மனுசனின் கையெழுத்துக்காகவா இத்தனை நாள் தூக்கம் கெட்டோம் என்று நினைத்தாள்.

அத்தாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். "பயமெல்லாம் இல்லீங்க சார்" என்று அவர் எழுந்தார். மேல் தட்டிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் அடுக்கினார். ஏழு. "இதுல எல்லாத்துலயும் நாந்தானுங்க இருக்கறேன். இதுல மரியஅந்தோணி. இதுல வெங்கடேசு. மேடம், இது உங்களுதுங்க. கிளியூர்க்காரரு வேணும்னு கேட்டீங்களே, பதினாலு வருசம் இருக்கும்ங்களா? நீங்க ரெண்டு பேருமே நம்ம கடைக்குப் பழைய ஆளுங்கதான்."

பிரபாகர் மேனகாவைப் பார்த்தார். மேனகா பிரபாகரைப் பார்த்தார். தன் மரியஅந்தோணிக்குச் சாட்சியாகப் பிரபாகர் இதுவரை பதினொரு கட்டுரையில் கிளியூர்ப் பெரியவரை மேற்கோள் காட்டியிருக்கிறார். தன் கிளியூர்ப் பெரியவருக்குச் சாட்சியாக மேனகா ஒரு புத்தகம் முழுக்க மரியஅந்தோணியை இழுத்திருக்கிறார். இருவர் கையிலும் கிராம்பு டீ ஆறிக்கொண்டிருந்தது. காலனிய வாசனைப் பொருள் வணிகத்தின் நினைவைப் பற்றி இந்தத் தடவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"நெசம் என்னன்னு தெரியணும்னா, மலை முழுக்க ஊடு ஊடாப் போயிக் கேட்ட ஆளு இருக்குதுங்க," அத்தா ரிஸ்வானாவைக் காட்டினார். "எங்கூட்டுப் பொண்ணுதான்."

பிரபாகர் இப்போதுதான் கருவியை நிறுத்தினார். முதல் தடவையாக அவளையும் அவள் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு ஒரே மூக்கு. ஐந்தரை வருடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மேனகாதான் சீக்கிரம் சுதாரித்தார். "சார், இவங்க சப்மிஷனுக்கு நாலு நாள்தானே இருக்கு? படிவத்துல கையெழுத்தைப் போட்டுடுங்களேன். எதுக்கு இழுக்கணும்?" அவர் குரலில் நேர்மை ஒன்றும் இல்லை. தீப்பிடித்த இடத்திலிருந்து சீக்கிரம் வெளியே போகிற அவசரம் மட்டும் இருந்தது.

ரிஸ்வானாவின் பையில் படிவம் பதினாலு நாளாக இருந்தது. எடுத்து நீட்டினாள். பிரபாகர் மிளகு மூட்டையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது அத்தியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேனாவை மூடும்போது மட்டும் சொன்னார்: "ஒரு விஷயம்மா. தகவல் கொடுத்தவங்க யாருங்கிற ரகசியத்தைக் காப்பாத்தறது நம்ம தொழில் தர்மம். அதை நீயும் மறக்கக் கூடாது."

"தகவல் கொடுத்தவரு சம்மதிச்சா சொல்லலாம்ங்களா சார்?" என்று கேட்டாள் ரிஸ்வானா.

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு படி இறங்கினார். அந்த வழுக்குகிற படியில் அவரே ஒரு தடவை தடுமாறினார்.

இருவரும் போய்விட்டார்கள். ஜமீலா டம்ளர்களை எடுத்துக்கொண்டு மேலே போனாள். அத்தா ஏழு புத்தகத்தையும் திரும்பத் தட்டில் வைக்காமல், ஒரு காலிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினார். ரிஸ்வானாவுக்கு அழுகை வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் சொன்னதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"அத்தா, மன்னிச்சுக்கங்க."

"நீ சொன்னது நெசந்தானே கண்ணு." முடிச்சை இறுக்கினார். "எம்பட பேரைப் போடு. இந்தத் தடவ எம்பட சொந்தப் பேரையே போடு."

போட்டாள். ஐந்தாவது அத்தியாயம், அடிக்குறிப்பு நாற்பத்தொன்று: 'முந்தைய ஏழு ஆய்வுகளிலும் தகவலாளர் கிராம்புத் தேநீர் அளித்ததாகக் குறிப்பு உள்ளது. இந்த ஆய்வாளர் சென்ற 212 வீடுகளில் அது எங்கும் அளிக்கப்படவில்லை. அதைத் தயாரிப்பவர் ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் திரு. சையத் இப்ராஹிம், இந்த ஆய்வாளரின் தந்தை. எழுவரும் அவரே. கிராம்பு சேர்ப்பதன் காரணம் பல்வலி. பெயரை வெளியிட அவர் சம்மதித்துள்ளார்.'

எட்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். ஆய்வு மாணவர்கள் அறுபது பேர் வந்திருந்தார்கள். பிரபாகர் வழிகாட்டியாக மேடையில் இருந்தார், மேனகா தேர்வாளராக இருந்தார். ரிஸ்வானாவிடம் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார்கள், அட்டவணை ஒன்பதில் வயதுப் பிரிவு ஏன் இப்படி என்று கேட்டார்கள், நூற்பட்டியலில் காற்புள்ளி விட்டுப்போனதைக்கூடக் கேட்டார்கள். அடிக்குறிப்பு நாற்பத்தொன்றைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கடைசியில் எல்லோரும் கைதட்டி, இனி இவர் முனைவர் ரிஸ்வானா என்று அறிவித்தார்கள்.

தேர்வு முடிந்ததும் பட்டம் பெற்றவர் வீட்டார் எல்லோருக்கும் டீ கொடுப்பது அங்கே வழக்கம். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த அத்தா, ஏற்காட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பெரிய ஃபிளாஸ்கைத் திறந்து முதல் டம்ளரை மேடைக்குக் கொண்டுபோய்ப் பிரபாகரிடம் கொடுத்தார். மைக்கை இன்னும் அணைக்கவில்லை. பேராசிரியர் ஒரு வாய் குடித்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன பாய், இன்னிக்குக் கிராம்பு போடலையா?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கூட்டத்தில் ஒரு பெண் 'க்ளுக்' என்று சிரித்தாள். அடிக்குறிப்பு நாற்பத்தொன்றை யார் யார் படித்திருக்கிறார்கள் என்பது, அதன் பிறகு மண்டபம் முழுக்கப் பரவிய சிரிப்பில் தெரிந்தது.

அத்தா சிரிக்கவில்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"பல்லப் புடுங்கியாச்சுங்க சார்."